இல்லாத கட்டை

"தாள் அந்தக் காலத்ததுதான். மையும் அப்படியே. கையெழுத்து சந்தேகமே இல்லாம கிழவன் வீகாண்டோடது," என்றபடி பேராசிரியர் ஹார்ட்விக் தாளை ஜன்னல் வெளிச்சத்திலிருந்து இறக்கினார். "இருநூற்றுப் பதிமூணுன்னு எண் போட்டுடலாமா, ஃப்ராவ் ஷ்டோல்?"

கெசீனா ஷ்டோல் பென்சிலைச் சீவினாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

வீகாண்ட் குடும்பத்தில் அப்பா, இரண்டு மகன்கள், ஒரு பேரன். நால்வரும் ஒருவர்பின் ஒருவராக இந்தத் தேவாலயத்துக் குழல் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவர்கள். அவர்கள் எழுதிய இசை ஒவ்வொன்றையும் சோதித்து, இது இன்னாருடையது என்று எண் கொடுப்பது கெசீனாவின் வேலை. அவள் சொன்னால் சொன்னதுதான்.

நாளை பட்டியல் அச்சுக்குப் போகிறது.

மேஜைமேல் இருந்தது கடைசிப் படைப்பு, ஓர் இரங்கற்பாட்டு. போன வசந்தத்தில் ஆர்கனின் பின்பலகைக்குள்ளிருந்து அதை எடுத்தவன் ரூட்கர். தேவாலயத்தின் இசைஞன், அவள் கணவன்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். வானொலிக்காரர்கள் வருகிறார்கள். ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. சென்ற ஆண்டு ரூட்கர் தான் எழுதிய பாட்டை வாசித்தபோது வந்தவர்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கினார்கள். அதிலும் ஒருவர் குறட்டை விட்டார்.

மேலே மாடத்தில் அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில்தான் கெசீனா அதைக் கவனித்தாள். கடைசி வரியில், 'அமைதி' என்ற சொல்லுக்குக் கீழே, காலால் மிதிக்கும் வரிசையின் ஆகக் கீழான கறுப்புக் கட்டைக்கான ஸ்வரம்.

வீகாண்டுகள் காலத்து ஆர்கனில் அந்தக் கட்டையே கிடையாது. அடிக்கடி வராத ஸ்வரத்துக்கு எதற்கு அவ்வளவு நீளக் குழல் என்று விட்டுவிடுவார்கள். தன் தெருக் குழியைத் தெரிந்தவன் இருட்டிலும் தாண்டிப் போவதுபோல, வீகாண்டுகளின் இசை அந்த இடத்தை எப்போதும் தாண்டியே போகும். அதுவே அந்த வீட்டின் நடையாகிவிட்டது.

பழைய ஏடுகளின் கடைசியில் எழுதாத தாள்கள் இருக்கும். மையைக் காய்ச்சிக்கொள்ளலாம். கையெழுத்து?

அதை அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். சமையலறை மேஜையில், எத்தனையோ குளிர்கால மாலைகளில். "பாரேன், கிழவன் இந்த வளைவை எப்பவும் இடப்பக்கமா இழுப்பான்." ரூட்கர் ஆப்பிளைச் சீவியபடி பார்த்துக்கொண்டே இருப்பான்.

பேசாமல் இருந்துவிடலாம். ஹார்ட்விக் தாளைப் பார்ப்பவர், ஸ்வரத்தைப் பார்ப்பவர் அல்ல. ரூட்கரின் பாட்டை ஊரே ஒருமுறை கேட்கும். பொய்யின் கீழே அவள் பெயர் நிற்கும்.

சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி 'இதைக் கண்டெடுத்தது யார்' என்பதுதான்.

"என்னங்க, பிள்ளைக்குப் பேர் வைக்க இவ்வளவு யோசனையா? என் பொண்டாட்டிகூட இத்தனை நேரம் எடுத்துக்கல." ஹார்ட்விக் சிரித்தார். "காபி ஆறுது பாருங்க."

"இது வீகாண்ட் வீட்டுப் பிள்ளை இல்லைங்க."

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. பென்சில் முனையை அந்த ஸ்வரத்துக்குக் கீழே வைத்தாள்.

ஹார்ட்விக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் சற்று நேரம் மறந்துபோய் நின்றது.

"அட ஆண்டவரே! அந்தக் கட்டை எப்போ வந்துச்சு?"

"ஆர்கனைச் செப்பனிட்டப்போ. ஒன்பது வருஷமாச்சு."

"தேதி பார்க்காமலே சொல்றீங்க!"

அவள் பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

செப்பனிட்டபோது ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு குழலுக்குப் பணம் கட்டி, அதில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டைக்காகப் புதிதாக வந்த நீளக் குழலின் அடியில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'கெசீனாவுக்கு, நம் கல்யாண நாளில்.'

மேலே ஒத்திகை கடைசி வரிக்கு வந்தது. சாசரில் காபிக் கோப்பை மெல்ல நடுங்கத் தொடங்கியது.

எழுதியிருந்த அளவு முடிந்த பிறகும் ரூட்கர் அந்தக் கட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை.