வெளுப்பாக்காத படம்

பனி மூடிய தெருவில் தங்கை நிற்கிறாள். அக்கா எடுத்த முதல் படத்தில் பனி நீலம் பூத்த சாம்பலாகவும் அவள் முகம் கரியாகவும் விழுந்திருக்கிறது. "விடுக்கா, என் மூஞ்சியே அப்படித்தான். அம்மா சொன்ன மாதிரி வெளுப்பாக்கி அனுப்பிடு" என்று மப்ளரை மூக்குவரை இழுத்துக்கொள்கிறாள். அக்காவுக்குச் சுருக்கென்கிறது. "உன் மூஞ்சிக்கு என்னடி குறைச்சல்? இவ்வளவு வெள்ளையைப் பார்த்து கேமராதான் மிரண்டுபோய் எல்லாத்தையும் இருட்டாக்குது. வெள்ளைன்னா என்னன்னு அதுக்கு நான் காட்டுறேன்." வெறும் பனியை ஒருமுறை கேமராவுக்குக் காட்டி, விறைத்த விரலால் வெளிச்சத்தைக் கூட்டும் எக்ஸ்போஷரை இரண்டு படி ஏற்றி, மறுபடி எடுக்கிறாள். திரையில் பனி வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. அதன் நடுவே, மப்ளருக்கு மேலே தங்கையின் முகம், நெற்றி மச்சம்கூடத் தெரிய, தன் கறுப்பிலேயே பளிச்சென்று இருக்கிறது. தங்கை வந்து திரையை எட்டிப் பார்க்கிறாள். பிறகு மப்ளரை உருவித் தோளில் போட்டு மோவாயை நிமிர்த்துகிறாள். "இன்னும் கிட்ட வந்து எடுக்கா. எடுத்து, அப்படியே அம்மாவுக்கு அனுப்பு."