'ஆர்வம்' என்றால் என்ன?

"மூணு வாரத்துல நாப்பது ஈவென்ட். பிள்ளைக்குப் பேர் வைக்கிறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க" என்றார் சீனியர் புரோகிராமர்.

மீட்டிங் அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஆபீசில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஆமை'.

இணையதளங்களில் விளம்பரம் காட்டும் சாஃப்ட்வேர் அவர்களுடையது. இலவசம். அதன் சோர்ஸ் கோட், அதாவது உள்ளே புரோகிராமர்கள் எழுதிவைத்த நிரல் முழுவதையும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். விளம்பரத்தைப் பார்ப்பவர் என்ன செய்தாலும் அது ஒரு ஈவென்ட்டாகப் பதிவாகும். வந்தவர் போனவரெல்லாம் இஷ்டத்துக்குப் பெயர் வைத்ததில், ஒரே விஷயம் நாலு பெயரில் கிடந்தது. அதையெல்லாம் ஒழுங்குபண்ணி, எது எப்போது பதிவாகிறது என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி டாக்குமென்ட்டில் எழுதுவதுதான் ஆமையின் வேலை.

"பேரை மாத்திட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் சீனியர், விடாமல்.

"பேருக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா சார்? விளம்பரத்தை மூடறதுக்கு மூலையில பெருக்கல் குறி இருக்கில்ல, அதை அழுத்தினா நாம 'ஆர்வம்'னு பதிவு பண்றோம்."

சிரிப்பு நின்றது.

"அது... ரிப்போர்ட் கொஞ்சம் பார்வையா இருக்கட்டும்னு ஆரம்பத்துல வச்சது" என்று சீனியர் மென்று விழுங்கினார்.

"விளம்பரம் கொடுத்த ஒரு தையல்கடைக்காரர் நம்ம கேள்வி-பதில் ஃபோரத்துல கேட்டிருக்கார் சார். எண்ணூறு பேருக்கு ஆர்வம்னு ரிப்போர்ட் சொல்லுதாம். கடைப்படியை ஒருத்தர்கூட மிதிக்கலையாம். தன் தையல்தான் சரியில்லையோன்னு மனுஷர் நொந்துபோயிருக்கார்."

எல்லோரும் கம்பெனித் தலைவரைப் பார்த்தார்கள். மைக் கிடைத்தால் வெளிப்படைத்தன்மை பற்றி ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடியவர் அவர்.

"கிண்டல் பண்ணினவங்க எல்லாம் இந்தம்மாகிட்ட கத்துக்கணும்" என்றார் தலைவர். "நீங்க நிதானமாவே எழுதுங்கம்மா. அவசரமே இல்லை."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாலைக்குள் எழுதி ஏற்றிவிட்டாள்: 'ஆர்வம் - பார்த்தவர் விளம்பரத்தை அழுத்தினாலும், வேண்டாம் என்று மூடினாலும் பதிவாகும்.' தையல்கடைக்காரருக்கும் அதையே பதிலாகப் போட்டாள். கூடவே ஒரு வரி: 'குறை உங்கள் தையலில் இல்லை, எங்கள் எண்ணிக்கையில்.'

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஃபோரத்தில் அந்தப் பதிலையே காணோம். டாக்குமென்ட்டில் அவள் எழுதிய வரி, 'ஆர்வம் - விளம்பரத்தின் மீது பார்த்தவர் எடுக்கும் உறுதியான நடவடிக்கை' என்று மாறியிருந்தது. திருத்தப் போனாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர்.

நேரே தலைவர் அறைக்குப் போனாள்.

"மாத்தினது யார் சார்?"

"நான்தாம்மா. உட்காருங்க. இனிமே நீங்க எழுதறது என் பார்வைக்கு வந்துட்டு வெளியே போகட்டும்."

"பெருக்கல் குறியை அழுத்தறது உறுதியான நடவடிக்கையா சார்?"

"பின்னே? அரைமனசோட யாராவது விளம்பரத்தை மூடுவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உண்மையை மறைக்கிறோமேன்னு உங்களுக்கு உறுத்தலையா?"

தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. உண்மையிலேயே மனம் நொந்தவர்போல் அவளைப் பார்த்தார்.

"எதைம்மா மறைச்சோம்? அஞ்சு வருஷமா சோர்ஸ் கோட் முழுக்க இணையத்துல திறந்து கிடக்கு. அதனால இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க எழுதினா படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடுதே."