இன்றைய தேதி

சுவிட்சை அழுத்தினாள். உள்ளே மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே ஒரு சுற்று.

ஆனந்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் போய் வந்ததோடு சரி, கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. மானிட்டரின் மூலையில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

திருவையாறு கடைத்தெருவில் டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் இந்த ஒரு பெட்டியில்தான். இன்று செய்ய வேண்டியது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். இங்கே வடிவமைத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினால் அங்கே அச்சடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

சாவு வீட்டிலிருந்து செந்தில்குமார் வந்து வாசலிலேயே நின்றான். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"மூணு மணிக்கு எடுத்துடுவோம்க்கா" என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அவளை அவசரப்படுத்தவில்லை. அதுதான் அவளை இன்னும் படுத்தியது.

வேறு கடைக்குப் போகச் சொல்லவும் வழியில்லை. இறந்தவரின் நல்ல படம் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. போன வருடம் லைசென்ஸுக்காக அவளே எடுத்தது. வீட்டில் இருப்பதெல்லாம் கும்பலில் பாதி முகம் மறைந்த கல்யாணப் படங்கள்தான் என்று செந்தில்குமார் சொல்லியிருந்தான்.

ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியைத் தரையில் படுக்கவைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். அறுவடைக் காலத்து நெல் தூசி உள்ளே மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஊதியதில் பாதி அவள் கண்ணுக்குள் போனது.

எல்லாக் கோபமும் மனோகரன் மேல் திரும்பியது.

இந்தத் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவன்தான் வந்து பார்ப்பான். டீ குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரை வைத்துவிட்டு வருவான். போன மாதம்கூட இதே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன பேட்டரி உயிர் போகிற நிலையில் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன் என்று சொன்னான். அடுத்த வாரம் வாங்கி வருகிறேன் என்றான். எத்தனை அடுத்த வாரம் போய்விட்டது. இன்றைக்குப் பார்த்து ஆள் இல்லை.

அவன் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ரேம் என்கிற மெமரி அட்டையைப் பிடுங்கினாள். அழிரப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தாள். இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினாள். விரல் நுனி தகட்டில் பட்டுக் கீறி ரத்தம் கசிந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு, ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

மின்விசிறி நிற்காமல் சுற்றியது. ஆனால் பெட்டி பீப், பீப் என்று மூன்று முறை கத்தியது.

அணைத்தாள். பிடுங்கினாள். தேய்த்தாள். செருகினாள். மறுபடியும் மூன்று.

பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வாசலில் நின்றவன் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று அவனை உரசிக்கொண்டு போயிற்று.

கடைசியாக ரேமைப் பக்கத்துப் பள்ளத்துக்கு மாற்றிச் செருகினாள். இதற்கும் மசியாவிட்டால் தூக்கிக் காவேரியில் போட்டுவிடுவது என்றே நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு முறை கத்தியது. திரையில் வெளிச்சம் வந்தது.

அவள் மூச்சு விடுவதற்குள் கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்து நின்றது. எஃப் ஒன்றை அழுத்து, அல்லது எஃப் இரண்டை அழுத்து. எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. தப்பாக எதையாவது அழுத்தி உள்ளே இருக்கிற படம் போய்விட்டால்?

இந்த இடத்தில் அவள் எப்போதும் என்ன செய்வாளோ அதையே கை செய்தது. போனை எடுத்தது. மனோகரன் பெயரைத் தொட்டது.

மணி போனது. காதில் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துண்டிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"மனோகரன் தம்பி பேசுறேங்க. அண்ணன் காலையில தவறிட்டாருங்க. மூணு மணிக்கு எடுக்கிறோம்."

காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னானோ, பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. குரல் அவள் காதுக்குள்ளும் கேட்டது, வாசலிலிருந்தும் கேட்டது. செந்தில்குமார் முதுகைக் காட்டியபடி, யார் அழைத்தது என்று பார்க்காமலே, அண்ணனின் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

பதில் வராததால் அவன், வைத்துவிடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திரையில் அந்த நாலு வரியும் அப்படியே நின்றது. இனி யாரைக் கேட்பது? எஃப் ஒன்றை அவளே அழுத்தினாள்.

தேதியும் நேரமும் கேட்டு ஒரு நீலத் திரை வந்தது. அந்தச் சின்ன பேட்டரியும் செத்திருந்ததால், ஒயரைப் பிடுங்கியதில் தேதி அழிந்துபோயிருந்தது. இரண்டாயிரத்துப் பதினாலு, ஜனவரி ஒன்று என்று காட்டியது. இந்தப் பெட்டியை மனோகரன் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொண்டுவந்து இதே மேஜையில் வைத்த வருடம் அது.

கீறிய விரலை மறுபடியும் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொரு எண்ணாக மாற்றி இன்றைய தேதியை அடித்தாள். கம்ப்யூட்டர் ஒரு மறுப்பும் சொல்லாமல் எழுந்துகொண்டது.