பைகளால் ஆன பசு

குலதெய்வம் கோவிலுக்குப் போகிற வழியில், டீக்கடைக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பசுவைப் பார்க்கத்தான் தாரிணி காரை நிறுத்தச் சொன்னாள். நிஜப் பசுவின் உயரம். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் பைகள்.

"எல்லாம் செத்த மாடுங்க வயித்துல இருந்து எடுத்ததுதான் சார். கழுவித்தான் கட்டியிருக்கேன், தொட்டுப் பாருங்க" என்றார் அதைச் செய்தவர்.

அவள் அப்பா தணிகாசலம் பசுவின் வயிற்றைத் தொட்டார். விரலுக்கடியில் மஞ்சள் பை ஒன்றில் பிள்ளையாரும், கீழே பாதி அழிந்த 'தாரிணி - கோகுல்' என்ற எழுத்தும் தெரிந்தன. மகளின் கல்யாணத் தாம்பூலப் பை. துணிப்பையே போதும் என்று அவள் எவ்வளவோ கெஞ்சியும், பளபளப்பு வராது என்று பிடிவாதமாக இதை அச்சடித்தவர் அவர்தான். மிஞ்சியதை வெற்றிலை, பழத்தோடு மண்டபத்துக்குப் பின்னால் கொட்டச் சொன்னவரும் அவர்தான்.

உள்ளங்கையை விரித்து அந்தப் பெயர்களை மூடினார்.

"நகருங்கப்பா, நாங்க ரெண்டு பேரும் பசு பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும்" என்றாள் தாரிணி.

அவர் நகரவில்லை.

"என்ன மாமா, மாட்டுக்கு வயித்துவலியா?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

தணிகாசலம் கையை இன்னும் அழுத்தினார். உள்ளே பைகள் சரசரத்தன.