பேச விடாத விசில்

"யோவ், அந்தப் பேப்பரைக் கொடுத்துட்டு அப்புறம் கேட்டைத் தாண்டு!"

டிப்போ ஷெட்டில், சர்வீஸுக்கு நின்ற பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே கண்டக்டரை மடக்கி நிறுத்தியிருந்தார் டயர். டயர் என்பது பட்டப்பெயர். பதினைந்து வருஷமாகப் பஞ்சர் பார்க்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நேற்று வரைக்கும் கண்டக்டரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். இன்று அது 'யோவ்' ஆகிவிட்டது. அதற்கு மேலேயும் போகத் தயாராக இருந்தார்.

"எந்தப் பேப்பர் தம்பி?"

"நடிக்காதய்யா! இப்ப மீட்டிங்ல நின்னு படிச்சியே, அந்த அசிங்கம். மேனேஜர் எழுதிக் கொடுத்ததுதானே? செக்கர் வேலை தரேன்னு சொன்னானா?"

கண்டக்டர் தோல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேட் பக்கம் நின்ற கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அழாமல் என்ன செய்வார்கள்? சங்கத் தலைவர் என்றால் சும்மாவா! ஹெட் மெக்கானிக், இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். எட்டு மணி நேர டூட்டி வாங்கிக் கொடுத்தவர், லேடி கண்டக்டர்களுக்கு ஓய்வறை கட்ட வைத்தவர். 'எனக்குப் போதும், வேறு ஆள் வரட்டும்' என்று முன்பு இரண்டு தடவை ராஜினாமா கொடுத்தார். இரண்டு தடவையும் தோளில் தூக்கி வந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர் டயர்தான். இன்றைக்கு அந்த ஹெட் மெக்கானிக்கை ஆயுளுக்கும் தலைவராக்கத் தீர்மானம். தோற்றால் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்பது சங்க விதி. எங்கே தோற்கப்போகிறது? கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லாரும் வந்தார்கள்.

அப்போதுதான் சங்கச் செயலாளரான கண்டக்டர் எழுந்தார். தலைவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், ஒரே தட்டில் சாப்பிட்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பரைப் பிரித்து, தலைவர் மேலேயே குற்றம் அடுக்கிவிட்டார்.

"எதிர்த்துப் பேசின டிரைவரை மலை ரூட்டுக்கு மாத்த வெச்சாராம். சங்கத் தேர்தலை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டாராம். என்ன பேச்சுய்யா அது?" என்று பொரிந்தார் டயர்.

"ரெண்டும் நிஜம்தானே?"

நிஜம்தான் என்று டயருக்கும் தெரியும். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. "அது கிடக்கட்டும். அவர் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்தா அவருக்கு வயிறு எரியுதுன்னு படிச்சே பாரு, அவர் வயித்துக்குள்ள எரியறது உனக்கு எப்படிய்யா தெரியும்?"

கண்டக்டர் தடுமாறினார். "தெரியும். விடு."

"விட மாட்டேன். அந்த மனுஷன் எவ்வளவு பொறுமையா 'அவ்வளவுதானா? இன்னும் ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டார். நீ அவர் முகத்தைக்கூடப் பார்க்காம 'அவ்வளவுதான்'னே. அவர் எழுந்து வாயைத் திறக்கறதுக்குள்ள விசிலை எடுத்து ஊதிட்டியே, பாவி! ஒரு வார்த்தை பேச விட்டியா?"

அந்த விசிலைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. செயலாளர் விசில் ஊதிவிட்டால் பேச்சு முடிந்தது, ஓட்டுதான். சம்மதம் என்றால் முழு டிக்கெட், சம்மதம் இல்லை என்றால் கிழித்த டிக்கெட், கண்டக்டர் பையில் போட வேண்டும். எண்ணிப் பார்த்தால் முழு டிக்கெட் அறுபத்து நான்கு, கிழித்தது எழுபத்தொன்று. தலைவர் எல்லாரையும் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்கள்கூட அதற்கப்புறம் கண்டக்டர் பக்கம் திரும்பவில்லை.

"நாளையிலிருந்து கேன்டீன்ல உன்கூட ஒருத்தன் உட்கார மாட்டான். முப்பது வருஷ மரியாதை ஒரே பேப்பர்ல போச்சு!"

"தெரியும்டா." கண்டக்டர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அந்தப் பேப்பரை மட்டும் கேட்காதே."

கேட்பதாவது! டயர் பையைப் பிடித்து இழுத்தார். முழுசும் கிழிசலுமாக டிக்கெட்டுகள் தரையெல்லாம் கொட்டின. நடுவே நாலாக மடித்த பேப்பர்.

"எல்லாரும் இங்க வாங்கப்பா! மேனேஜர் எழுத்தைக் காட்டறேன், வாங்க!" என்று கத்திக்கொண்டே பிரித்தார் டயர்.

மேனேஜர் எழுத்து இல்லை. 'பின்சக்கரம் மாற்று' என்று தினமும் காலையில் ஜாப் கார்டில் டயர் பார்க்கிற அதே கோணல் எழுத்து. தலைவர் எழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, மீட்டிங்கில் யார் காதிலும் விழாத சில வரிகள் இருந்தன.

'இவ்வளவும் என்னைப் பற்றி நானே எழுதியது. இரண்டு தடவை நீங்கள் தூக்கி உட்கார வைத்தீர்கள். இப்போது எனக்கே இறங்க மனம் வரவில்லை, நீங்களே இறக்கி விடுங்கள். இதைப் படித்த என் நண்பன் மேல் யாரும் கோபப்படக் கூடாது.'

டயர் அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார். கேட்டிலிருந்து கூட்டம் வந்துகொண்டிருந்தது.

"அதையும் படிச்சிருந்தா மறுபடியும் அவனைத் தோள்ல தூக்கியிருப்பீங்க," என்று பேப்பரை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்ட கண்டக்டர், டயரின் காதருகே குனிந்தார். "ஏன்டா நிறுத்திட்டே? அவங்க கிட்ட வந்துட்டாங்க பாரு, இன்னும் சத்தமா திட்டுடா!"