வீடு என்றொரு பாயிண்ட்

பேனா மூடியைக் கழற்றினாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

கடையில் வாங்கிய இன்டர்நெட் விண்ணப்பத்தில் முகவரியெல்லாம் எழுதியாயிற்று. மிச்சம் இரண்டே கட்டம். மாதாமாதம் என்று ஒன்று. ஒரு வருஷம் என்று ஒன்று.

வருஷத்துக்குப் போட்டால் மோடம் இலவசம். மகள் ரெமிஜா வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். பாடம் முழுக்க போனில்தான். சிக்னலுக்காக மாதா கோயில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து பிள்ளை கறுத்தே போய்விட்டாள். வீட்டுக்கு இன்டர்நெட் வந்தே ஆகவேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"மாசத்துக்கே போடு" என்றான் கிளீட்டஸ். நாலாவது தடவை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய புருஷன் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாதா? இப்போது குடியிருக்கிற வீடு இன்னும் ஒரு வருஷம் நிற்காது என்கிறான்.

வாயைத் திறந்தால் இதே பேச்சு. கடல் வந்துரும், ரோட்டுக்கு மேக்க போயிருவோம். அங்கே அரசாங்கம் கொடுத்த பதினேழாம் நம்பர் வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி தொலைந்துபோயிற்று என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். மனுஷன் பரண் முழுக்கத் தேடிவிட்டான்.

தேடட்டும்.

முதல் தெருவில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதைக் கடல் கொண்டுபோன அன்று அவள் மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். இவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பாத்திரத்தை அள்ளி, பின்னால் இரண்டாம் தெருவில் சும்மா கிடந்த தன் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் தொழிலுக்குப் போய்விட்டான். ஆறு வருஷம் ஆயிற்று. இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

இரண்டாம் தெருதான் இப்போது முதல் தெரு.

கடைக்கு வந்ததே அவனுடைய ஜி.பி.எஸ்ஸுக்காகத்தான். கடலில் வழி காட்டுகிற, உள்ளங்கையில் அடங்குகிற கருவி. பழசு ஒன்பது வருஷம் உழைத்து, போன வாரம் நடுக்கடலில் அணைந்துவிட்டது. தட்டித் தட்டி உயிர் வரவைத்து, அரைகுறையாகக் கரை சேர்ந்தான். அன்றிலிருந்து அவளுக்கு ராத்தூக்கம் இல்லை.

அவன் புதுசைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம். தொடுதிரை உள்ளதை எடுத்துப் பார்த்தான். நாக்கில் விரலைத் தொட்டு ஈரமாக்கித் திரையில் தேய்த்தான். அது அசையவில்லை.

"நனைஞ்ச கைக்கு இது ஆவாது. பட்டன் உள்ளதக் குடு."

கடைக்காரர் பெர்க்மான்ஸ் பழைய கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். அதில் இருக்கும் பாயிண்டுகளைப் புதுசுக்கு ஏற்றவேண்டும். மீன் நிற்கும் பாறை ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்கள். கிளீட்டஸ் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். பெயர்கள்கூடக் கள்ளப் பெயர்கள். நல்ல மீன் படுகிற இடத்துக்கு மாமியார் பெயர். அதைப் பார்த்தால் எவனும் கிட்டே போகமாட்டானாம்.

பெர்க்மான்ஸ் நிமிர்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு தப்பா ஏறியிருக்கு. 'வீடு'ன்னு பேரு போட்டிருக்கு. மேப்புல பாத்தா கடலுக்குள்ள கெடக்கு. அழிச்சிரவா?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

நீலத்துக்குள் ஒரு புள்ளி.

கிளீட்டஸ் வாசலைப் பார்த்தபடியே சொன்னான். "தப்பில்ல. புதுசா வாங்குன அன்னைக்கு வீட்டு நடையில நின்னு அமுக்குனது."

"அதான் போயிட்டே. பொறவு எதுக்கு?" என்றார் பெர்க்மான்ஸ்.

"கரைக்கு வாறது அத வச்சித்தான். அதுல வந்துதான் நங்கூரம் போடுதேன்."

அவள் கையில் பேனா நின்றுவிட்டது.

தினமும் அடுப்படி ஜன்னல் வழியே பார்க்கிற படகு. எல்லார் படகும் கரையை ஒட்டி நிற்கும். இவன் படகு மட்டும் தள்ளி, தனியாக. கூடையை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நீந்தி வரணுமா என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறாள். அங்க ஆழம் தோது என்பான். நங்கூரம் போட்ட பிறகும் உடனே இறங்கமாட்டான். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். பீடி குடிக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

பாவி மனுஷா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வந்தது அழுகையா, ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அழிக்காதிய தம்பி. அது கெடக்கட்டும்."

பெர்க்மான்ஸ் தலையாட்டினார்.

அவள் கையிலிருந்த விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தாள். வேறொன்று கேட்டு வாங்கினாள். முதலில் ஒரு வருஷம் என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக். கிளீட்டஸ் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டான்.

பிறகு முகவரி எழுதினாள்.

கதவு எண் பதினேழு.

அவன் கிட்டே வந்து குனிந்து படித்தான். எழுத்துக் கூட்டி, மறுபடி ஒரு தடவை படித்தான். அவளைப் பார்த்தான்.

"சாவி?" என்றான்.

அவள் பேனாவை மூடினாள்.

"அரிசிப் பானைக்குள்ள."