ஒரு ஆளுக்கு ஒரு தொட்டி

ஞானஸ்நானத் தொட்டியில் பாதிக்குமேல் தண்ணீர் ஏறிவிட்டது. மொத்த வியாபாரிக்குப் பொறுக்கவில்லை.

“ஒரே ஒரு ஆளுக்கா பாஸ்டர் இவ்வளவு தண்ணி? பத்துப் பேர் சேரட்டும், மொத்தமா முக்கிடலாம்.”

போதகர் குழாயை மூடவில்லை. “ஆண்டவர்கிட்ட மொத்தக் கொள்முதல் கிடையாதுங்க. ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரு.”

“இது எழுபது வருஷம் வீம்பு பிடிச்ச கட்டை. இனிமே தேறுமா?”

“அந்தக் கட்டைக்காகவும்தான் அவர் சிலுவையில தொங்கினாரு.”

வியாபாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தாள்.

“சம்பந்தி வீட்டார் முன்னால நனையக் கூச்சம், அதுக்கு இத்தனை சாக்கா? கடிகாரத்தைக் கழட்டிக் குடுங்க. தொட்டி நிரம்பிடுச்சு.”

கழற்றிக் கொடுத்தார். முதல் படியில் கால் வைத்தவர், போதகரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“என் பேருமா அவருக்குத் தெரியும்?”